கணினித் திரைத் தாங்கி

கணினித் திரைத் தாங்கி என்பது கணினித் திரையை மேசையிலோ சுவரிலோ தேவையான உயரத்திலும் கோணத்திலும் நிறுத்தி வைக்கப் பயன்படும் கருவி ஆகும். திரையுடன் சேர்த்து விற்கப்படும் அடித்தாங்கி, தனியாக வாங்கிப் பொருத்தப்படும் கைத்தாங்கி, சுவர்த்தாங்கி ஆகியன இதன் முதன்மையான வகைகள் ஆகும். பெரும்பாலான தட்டைத் திரைகளின் பின்புறத்தில் சதுர வடிவில் நான்கு திருகுத் துளைகள் காணப்படுகின்றன. இவை வெசா என்னும் அமைப்பு வகுத்த சீர்தரத்தைப் பின்பற்றுவதால், ஒரு நிறுவனத்தின் திரையை வேறொரு நிறுவனத்தின் தாங்கியில் பொருத்த இயலும். இத்துளைகள் இல்லாத திரையை வாங்கியவருக்குத் தாங்கியை மாற்றும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லை.

வரலாறு

தொடக்ககாலத் தனியாள் கணினிகளில் திரைக்கெனத் தனித் தாங்கி தேவைப்படவில்லை. 1981 ஆம் ஆண்டு வெளியான ஐபிஎம் தனியாள் கணினியில் திரை, கணினிப் பெட்டியின் மீதே வைக்கப்பட்டது. கதிர்க்குழாய்த் திரைகள் கனமும் ஆழமும் மிக்கவை; 17 அங்குலத் திரை ஒன்று ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிராம் வரை எடை கொண்டிருந்தது. எனவே அவற்றை உயர்த்தித் தாழ்த்துவது எளிதாக இருக்கவில்லை.

நீர்மப் படிகத் திரைகள் பரவியபோது இந்நிலை மாறியது. மெலிந்த, எடை குறைந்த இத்திரைகளைக் கையொன்றின் நுனியில் நிறுத்த முடிந்தது. 1989 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வெசா எனப்படும் வீடியோ எலக்ட்ரானிக்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் அசோசியேசன், தட்டைத் திரைகளைப் பொருத்துவதற்கான முதல் சீர்தரத்தை 1997 இல் வெளியிட்டது. பின்னர் இது சிறிய திரைகள், பெரிய தொலைக்காட்சிகள் ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது.

வெசா துளை அளவுகள்

இரு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு கிடைமட்டம், செங்குத்து என்னும் வரிசையில் மில்லிமீட்டரில் குறிக்கப்படும். பரவலாகக் காணப்படும் அளவுகள் பின்வருமாறு:

* 75 × 75: 8 கிலோகிராம் வரை எடையுள்ள திரைகளுக்கு, எம்4 திருகாணி
* 100 × 100: 14 கிலோகிராம் வரை எடையுள்ள திரைகளுக்கு, எம்4 திருகாணி
* 200 × 100: 22.7 கிலோகிராம் வரை எடையுள்ள திரைகளுக்கு, எம்4 திருகாணி
* 200 × 200 மற்றும் அதற்கு மேல்: பெரிய திரைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும், எம்6 அல்லது எம்8 திருகாணி

எம்4 என்பது 4 மில்லிமீட்டர் விட்டமுடைய திருகாணியைக் குறிக்கும். மேசைத் திரைகளுக்கான கைத்தாங்கிகளின் தகட்டில் 75, 100 ஆகிய இரண்டு அளவுகளுக்கும் துளைகள் இருப்பது வழக்கம்.

வகைகள்

* அடித்தாங்கி: மேசை மீது நிற்பது. விலை குறைந்த திரைகளுடன் வருபவற்றில் முன்பின் சாய்வை மட்டுமே மாற்ற முடியும். விலை மிகுந்தவற்றில் உயரத்தை மாற்றுதல், இடவலமாகத் திருப்புதல், நெடுக்காகச் சுழற்றுதல் ஆகிய வசதிகளும் இருக்கும்.
* கம்பத் தாங்கி: செங்குத்தான கம்பத்தில் கையைத் தேவையான உயரத்தில் வைத்து இறுக்குவது. உயரத்தை அடிக்கடி மாற்றாதவர்களுக்கு ஏற்றது.
* வளிமச் சுருள்வில் கைத்தாங்கி: கையினுள் உள்ள உருளையில் அழுத்தப்பட்ட வளிமம் திரையின் எடையை ஈடுசெய்கிறது. இதனால் திரையை ஒரு கையாலேயே நகர்த்த முடியும்; விட்ட இடத்தில் அது நிற்கும்.
* சுவர்த்தாங்கி: மேசையில் இடம் இல்லாதபோது பயன்படுவது. சுவரின் வலிமையும் அதற்கேற்ற பொருத்தாணியும் இதில் முக்கியமானவை.

தேர்ந்தெடுக்கும்போது கருத வேண்டியவை

எடை: திரையின் விவரக்குறிப்பில் தாங்கியுடன் கூடிய எடை, தாங்கி இல்லாத எடை என இரண்டு அளவுகள் தரப்பட்டிருக்கலாம். கைத்தாங்கியைத் தேர்ந்தெடுக்க இரண்டாவது அளவையே கொள்ள வேண்டும். வளிமச் சுருள்வில் கைகளுக்கு மேல் வரம்பு மட்டுமன்றிக் கீழ் வரம்பும் உண்டு. திரையின் எடை கீழ் வரம்பை விடக் குறைந்தால் கை தானாக மேலெழும். மேல் வரம்பை மீறினால் திரை மெல்லக் கீழிறங்கும்.

முறுக்கு விசை: மேசை விளிம்பின் மீது செயல்படும் விசை எடையை மட்டும் பொறுத்ததன்று. 5 கிலோகிராம் திரை ஒன்று பிடிப்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவில் நின்றால், ஏறத்தாழ 24.5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை உண்டாகும். கையை மடக்கித் தொலைவைப் பாதியாக்கினால் விசையும் பாதியாகும். வளைந்த அகலத் திரைகளின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி இருப்பதால், அவற்றின் எடை வரம்புக்குள் இருந்தாலும் சில கைகளின் தலைப்பகுதி தொங்கிவிடக்கூடும்.

மேசை: கைத்தாங்கிகள் மேசை விளிம்பைக் கவ்வும் கவ்வி மூலமாகவோ, மேசையில் உள்ள துளை வழியாகவோ பொருத்தப்படுகின்றன. மரத்துகள் பலகையால் ஆன மெல்லிய மேசை கவ்வியின் அழுத்தத்தில் நொறுங்கலாம். அதன் மேலும் கீழும் உலோகத் தகடு வைத்து அழுத்தத்தைப் பரப்புவது நல்லது. கண்ணாடி மேசையில் கவ்வியைப் பொருத்துதல் கூடாது. மேசை சுவரை ஒட்டி இருப்பின், கையை மடக்கும்போது அதன் முழங்கைப் பகுதி சுவரில் இடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உயரம்: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருப்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கை நீளத் தொலைவு இருக்கலாம். திரை மிகத் தாழ்ந்திருந்தால் கழுத்து நெடுநேரம் குனிந்தே இருக்கும். இரு குவிய மூக்குக்கண்ணாடி அணிவோர் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால், திரை உயரமாக இருந்தால் தலையைப் பின்னோக்கிச் சாய்க்க நேரிடும். ஆகையால் அவர்கள் திரையை மேலும் தாழ்த்தி வைக்க வேண்டும்.

நெடுக்கு நிலை: 27 அங்குல அகலத் திரையின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதை நெடுக்காக நிறுத்த, திரையின் மையம் மேசையிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது மேல் விளிம்பு பெரும்பாலோரின் கண் மட்டத்தைத் தாண்டிவிடும் என்பதால், திரையைச் சிறிது பின்னோக்கிச் சாய்ப்பது வழக்கம்.

மாற்றும் முறை

1. மின் இணைப்பைத் துண்டித்து, எல்லா வடங்களையும் கழற்ற வேண்டும்.
2. மேசையில் மென்மையான துணியை விரித்து, திரையின் முகம் கீழ்நோக்கி இருக்குமாறு படுக்க வைக்க வேண்டும். வளைந்த திரையாயின் அதன் நடுப்பகுதியை அழுத்தக் கூடாது.
3. பழைய தாங்கியை அதன் விடுவிப்புப் பொத்தானை அழுத்தியோ, திருகாணிகளை அகற்றியோ எடுக்க வேண்டும். சில திரைகளில் வெசா துளைகள் தாங்கிக்கு அடியிலோ மூடி ஒன்றின் பின்னோ மறைந்திருக்கும்.
4. கைத்தாங்கியின் தகட்டைத் துளைகளுடன் பொருத்தி, நான்கு திருகாணிகளையும் முதலில் தளர்வாகவும் பின்னர் மூலைவிட்ட வரிசையிலும் இறுக்க வேண்டும். திருகாணி மிக நீளமாக இருந்தால் உள்ளிருக்கும் மின்னணுப் பகுதிகளைச் சிதைக்கும். மிகக் குட்டையாக இருந்தால் போதிய பிடிப்பு இராது. துளைகள் பள்ளத்தில் அமைந்திருந்தால் இடைவெளி உருளைகளும் அதற்கேற்ற நீளமான திருகாணிகளும் தேவைப்படும்.
5. திரையைக் கையில் மாட்டிய பின், அலன் சாவியைக் கொண்டு சுருள்வில்லின் இறுக்கத்தைத் திரை அசையாமல் நிற்கும் வரை சரிசெய்ய வேண்டும்.
6. திரை முழு வீச்சிலும் நகரும் அளவுக்கு வடங்களை நீளமாக விட்டுக் கட்ட வேண்டும்.

எச்சரிக்கை: வளிமச் சுருள்வில் கையிலிருந்து திரையைக் கழற்றும் முன், கையை அதன் மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தாழ்ந்த நிலையில் கழற்றினால், சுமை நீங்கிய கை விசையுடன் மேலெழுந்து முகத்தில் அடிக்கக்கூடும். பழைய தாங்கியையும் அதன் திருகாணிகளையும் எறியாமல் வைத்திருப்பது, திரையைப் பின்னாளில் விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ உதவும்.

மாற்ற இயலாத தாங்கிகள்

எல்லாத் திரைகளும் இச்சீர்தரத்தை நேரடியாகப் பின்பற்றுவதில்லை. 2019 ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் அறிவித்த புரோ டிஸ்பிளே எக்ஸ்டிஆர் திரை தாங்கியின்றி விற்கப்பட்டது. அப்போது அதற்கான தாங்கியின் விலை 999 அமெரிக்க டாலராக இருந்தது. வெசா தகட்டின் விலை 199 டாலராக இருந்தது. 2022 இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஸ்டுடியோ டிஸ்பிளே திரையை வாங்கும்போதே சாய்வுத் தாங்கி, உயரம் மாற்றும் தாங்கி, வெசா தகடு ஆகிய மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது; பின்னர் பயனர் தாமே அதை மாற்றிக்கொள்ள முடியாது.

துளைகள் இல்லாத திரைகளுக்கு, அவற்றின் விளிம்புகளைப் பற்றிக்கொள்ளும் இணைப்பிகள் கிடைக்கின்றன. ஆயினும் இவை எல்லாத் திரைகளுக்கும் பொருந்துவதில்லை. உயரம் மட்டுமே குறையாக இருந்தால், திரைக்கு அடியில் உறுதியான பலகை ஒன்றை வைப்பதே போதுமானது. சீர்தரத் துளைகள் உள்ள திரையில் தாங்கி உடைந்தாலும் திரையைத் தொடர்ந்து பயன்படுத்த முடியும். திரை பழுதானாலும் அதே தாங்கியில் அடுத்த திரையைப் பொருத்த முடியும்.