தவளையிலிருந்து சுண்டெலி வரை: நுரையீரலின் நுண்குழாய்களைக் கண்ட வரலாறு

இதயத்திலிருந்து வெளியேறும் குருதி உடலைச் சுற்றி மீண்டும் இதயத்திற்கே திரும்புகிறது என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆயினும் அவர் வாதத்தில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வழியே செல்கிறது? வழி ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று தருக்கத்தால் உணர்ந்த ஹார்வி, அதனைக் கண்ணால் காணாமலேயே 1657-இல் மறைந்தார்.

அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில் பிறந்தவர் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி. தவளையின் நுரையீரல் ஒளி ஊடுருவும் மெல்லிய பை போன்றது. அதனை உலர்த்தி நுண்ணோக்கியில் நோக்கிய மால்பிகி, தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய் வலையைக் கண்டார். அவற்றையே இன்று தந்துகிகள் என்கிறோம். 1661-இல் நண்பர் பொரெல்லிக்கு எழுதிய கடிதத்தில், இதற்காகத் தவளைக் குலத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டதாகவும், ஹோமர் பெயரால் வழங்கும் தவளை–எலிப் போரிலும் இத்தகைய அழிவு நேரவில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். அறிவியல் மடலில் அங்கதக் காவியம் எட்டிப்பார்க்கும் இவ்விடம் இலக்கிய அன்பர்களுக்குச் சுவையானது.

உலர்ந்த நுரையீரல் குழாய்களின் அமைப்பைக் காட்டும். நோயோ ஓடும் குருதியில் நிகழ்வது. பாலூட்டிகளின் நுரையீரலை உயிருடன் நோக்குவது மிகக் கடினம். மூச்சுக்கு மூச்சு அது விரிந்து சுருங்குகிறது. அருகிலேயே இதயம் துடிக்கிறது. மார்பைத் திறந்தால் காற்றிழந்து சுருங்கிவிடுகிறது. 1934-இல் ஜோசப் வெர்ன் குழுவினர் பூனையின் நுரையீரலில் குருதியோட்டத்தை நேரில் கண்டு, நுண்குழாய்களில் அது விட்டுவிட்டு ஓடுவதைப் பதிவு செய்தனர்.

தெளிவான காட்சிக்கு இரண்டு உத்திகள் துணைபுரிந்தன. முதலாவது, 1990-இல் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகியோர் அறிமுகப்படுத்திய இரு-ஃபோட்டான் நுண்ணோக்கி. திசுவினுள் ஆழச்செல்லும் அகச்சிவப்பு ஒளித்துடிப்புகள், குவியும் புள்ளியில் மட்டுமே ஒளிர்வை எழுப்பும். இரண்டாவது, 2011-இல் மார்க் லூனி குழுவினர் வெளியிட்ட உறிஞ்சு சாளரம். மயக்கமூட்டிய சுண்டெலியின் மார்பில் சிறு கண்ணாடிச் சாளரம் பொருத்தி, மென்மையான உறிஞ்சலால் நுரையீரலின் ஒரு துளிப் பரப்பை மட்டும் அசையாது நிறுத்தினர். எஞ்சிய பகுதி மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தது.

அச்சாளரத்தின் வழியே 2017-இல் ஓர் எதிர்பாராத உண்மை தெரிந்தது. எலும்பு மஜ்ஜையின் பணி என்று கருதப்பட்ட இரத்தத் தட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி, சுண்டெலியின் நுரையீரலிலேயே நடைபெறுகிறது. மணிக்கு 1 கோடிக்கு மேற்பட்ட தட்டுகள்!

அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் அரிவாள் செல் நோயுற்ற சுண்டெலிகளை இவ்வகையில் நோக்கினர். வெள்ளையணுக்களும் தட்டுகளும் ஒட்டிய திரள்கள், நுண்தமனி தந்துகியாகப் பிரியும் குறுகிய வாயில் சிக்கி ஓட்டத்தைத் தடுத்தன. அவற்றை ஒட்டவைக்கும் பி-செலக்டின் என்னும் புரதத்தைத் தடுத்தபோது அடைப்புகள் குறைந்தன. அரிவாள் செல் நோயாளரின் உயிரைப் பறிக்கும் நுரையீரல் நெருக்கடியைப் புரிந்துகொள்ள இது ஒரு திறவுகோல். இந்நோய்க்கான மரபணுக்கூறு இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே கண்டறியப்பட்டது என்பதால், அச்சிறு சாளரத்தில் தெரிவது நமக்கும் தொலைவான செய்தியன்று.

சாளரம் காட்டுவது நுரையீரலின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டுமே. சுண்டெலியில் கண்டது மனிதரிடமும் மெய்ப்படுகிறதா என்பதைத் தனியே சோதித்தாக வேண்டும். எனினும் ஹார்வி ஊகித்த வழியில், நோய் நிகழும்போதே அதனைக் காண இன்று இயல்கிறது. மால்பிகி நினைவுகூர்ந்த போரில் தவளைக்கு எதிர்நின்ற எலியினமும் இப்போது அக்கடனில் பங்கேற்றிருக்கிறது.