ஒளிக்கோடும் அதன் எண்ணும்

விண்மீனின் நிறமாலையில் ஒரு கோடு வலிதாய்த் தோன்றுவதொன்றினால், அதற்குரிய அணுக்கள் அங்கே மிகுதியென்று கொள்ளலாகாது. மேற்சக்திப்படியிலுள்ள அணு எவ்வளவு விரைவிற் கீழிறங்கும் என்னும் மாற்ற நிகழ்தகவும் தெரிதல் வேண்டும்; அவ்வெண் பிழைப்பின் விண்மீனிலுள்ள ஒட்சிசனின் கணக்கும் பிழைக்கும். இவ்வெண்ணை 1916 இல் ஐன்ஸ்ரைன் வரையறுத்தார். ஐதரசனுக்கு அதனைக் கணித்தறிதல் எளிது. இலத்திரன் பலவுடைய காபன், நைதரசன், ஒட்சிசன் என்பவற்றிற்கோ கணிதம் நெடுங்காலம் இடர்ப்பட்டது. எனவே அளந்தறிய முற்பட்டனர்.

சாதாரண மின்வில் அலைந்துகொண்டேயிருக்கும். 1956 இல் ஜேர்மனிய அறிஞர் மேக்கர், நீராற் குளிர்விக்கப்பட்ட செப்புத் தட்டுகளை அடுக்கி, அவற்றின் நடுத்துளையூடே மின்வில்லைச் செலுத்தினார். சுவரால் நெருக்குண்ட வில் அசையாது நின்றது; அதனுள்ளே வெப்பநிலை 10,000 பாகையையும் கடந்தது. வெப்பநிலையும் அமுக்கமும் தெரியின் மேற்படியிலுள்ள அணுக்களின் தொகையைக் கணிக்கலாம். கோட்டின் ஒளிச்செறிவை அத்தொகையோடு ஒப்பிட நிகழ்தகவு பெறப்படும். ஆயின் வெப்பநிலையிற் சிறுபிழை புகினும் தொகை பெரிதும் பிறழக்கூடும். இடர் முழுவதும் இங்கேதான்.

1966 இல் வீசே, சிமித், கிளெனன் என்போர் ஐதரசன் முதல் நியோன் ஈறாகப் பத்து மூலகங்களின் அட்டவணையை அமெரிக்காவில் வெளியிட்டனர். ஒவ்வோர் எண்ணின் அருகும் அதன் பிழையெல்லை எழுத்தாற் குறிக்கப்பட்டது: 3 வீதத்துள் அடங்குவனவும் உள, 50 வீதத்தைக் கடப்பனவும் உள. அந்நூலின் பெருஞ்சிறப்பு அவ்வெழுத்துகளே என்பது எம் கருத்து. 1996 இல் காபன், நைதரசன், ஒட்சிசன் ஆகியவற்றின் எண்கள் திருத்தப்பெற்றபொழுது பெரும்பாலானவை கணினிக் கணிப்பால் வந்தன. மின்வில்லின் அளவீடுகள் அவற்றைச் சோதிக்கும் உரைகல்லாயின.