பரம்பரைத் துப்பாக்கியும் உரிம அதிகாரமும்: பாஞ்சாலங்குறிச்சிக்குப் பின்

முன்னுரை

தந்தையின் துப்பாக்கி மகனுக்குச் சேருமா? சொத்து என்ற வகையில் சேரும். அதனை வைத்திருக்கும் உரிமம் தானாகச் சேராது. மரபுரிமைப் படைக்கல வழக்குகளின் வேர் இவ்விடைவெளியே. அதன் வரலாற்றுத் தொடக்கத்தைத் தூத்துக்குடிச் சீமையில் காண முடியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படைக்கல ஒழிப்பு

பாளையக்காரர் ஆட்சியில் படைக்கலம் காவல் உரிமையோடு இணைந்தது. தலைமுறை வழியாக வந்தது. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரையின் படையினர் தூத்துக்குடியையும் கைப்பற்றினர். அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், 1801 டிசம்பர் 1இல் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்சீமையில் படைக்கலப் பயன்பாட்டைத் தடைசெய்தது. அரசு அனுமதித்தவற்றுக்கு மட்டும் விலக்களித்தது. குடிவழி உரிமை அரசின் அனுமதியாக மாறிய தருணம் இது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம் இவ்வனுமதி முறையை நாடு முழுமைக்கும் நிலைப்படுத்தியது.

அலுவலரின் கடமைகள்

1959ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதிகாரத்துக்குக் கடமைகளையும் விதித்தது. காவல் துறையின் அறிக்கையைக் கோருதல் வேண்டும் (பிரிவு 13). போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காட்டி மறுத்தல் கூடாது. மறுப்பின் காரணங்களை எழுத்தில் பதிதல் வேண்டும் (பிரிவு 14). மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் (பிரிவு 18).

உரிமதாரர் இறந்தால் படைக்கலத்தைக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வாரிசின் கடமை. எனினும் ஒப்படைப்பு உடைமை இழப்பன்று. தகுதி பெற்றபின் அதனைத் திரும்பப் பெறவோ, தகுதியுடையவருக்கு விற்றுப் பணம் பெறவோ பிரிவு 21 இடமளிக்கிறது. பறிமுதல் ஆணைக்கு முன் மாவட்ட நடுவர் வாரிசுக்கு எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்பி, விளக்கமளிக்க 30 நாள் தருதல் வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள் 70 அகவை கடந்தவரோ 25 ஆண்டுகள் படைக்கலம் வைத்திருந்தவரோ உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொள்ள வழிசெய்தன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மரபுரிமையாக வருபவையும் இவ்வரம்புக்கு உட்பட்டவை.

முடிவுரை

1801இல் குடிகளிடம் அரசு காரணம் கூறக் கடமைப்படவில்லை; இன்று கடமைப்பட்டுள்ளது. வாரிசுக்கு உரிமம் மறுக்கப்படலாம். பொதுமக்களின் பாதுகாப்பு அதனைக் கோரவும் கூடும். காரணமின்றி மறுப்பதும், அறிவிப்பின்றிப் பறிப்பதும் கிளைவ் அறிக்கையின் காலத்துக்கே நம்மை மீட்டுச்செல்லும்.