டிவைஸ் சர்வர்: சீரியல் போர்ட் அமைப்பு

ஆர்.எஸ்.-232 சீரியல் போர்ட் உள்ள கருவிகளை ஈதர்நெட் வலையில் சேர்க்கும் சிறு பெட்டி டிவைஸ் சர்வர். ஆய்வுக்கூடங்களுக்குரிய பி.எச். மீட்டர், மின்னணுத் தராசு முதல் லாரி எடைமேடை வரை பலவற்றில் இந்த போர்ட் உண்டு. கருவியின் பாட் வேகம், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் ஆகியவற்றைப் பெட்டியிலும் அப்படியே பதிய வேண்டும். 9600, 8, பாரிட்டி இல்லை, 1 என்பது பரவலான அமைப்பு; ஸ்டார்ட் பிட்டோடு எழுத்துக்கு 10 பிட், ஆக நொடிக்கு 960 எழுத்து. தராசுகள் சில 7 பிட், ஈவன் பாரிட்டி கேட்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். வேகம் தவறினால் திரையில் குப்பை எழுத்துகள் வரும். எதுவுமே வராவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது 2, 3-ஆம் பின்களின் வயரிங்.