பட்டியலில் யார் பெயர்?

சென்ற மாதம் என் அக்காவின் மகள் கேட்டாள்: "மாமா, என்ர பேர்த்டேக்கு ஒரு சொக்கர் கேம் வேணும். எதை வாங்கலாம்?" அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஸ்காபுறோவில் ஒரு பெண்கள் அணியில் பின்வரிசையில் ஆடுகிறாள்.

"முதல்ல அதில ஆரின்ர பெயர் இருக்கு எண்டு பார்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

1993 இன் கடைசியில் 'பீபா இன்ரர்நாஷனல் சொக்கர்' வெளிவந்தது. அதைச் செய்தது எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கனடியப் பிரிவு. ஆம், உலகமே விளையாடும் அந்தத் தொடர் வளர்ந்தது எங்கள் நாட்டில், வன்கூவருக்குப் பக்கத்தில் இருக்கும் பேர்ணபியில். அந்த முதல் விளையாட்டில் பிரேசில், ஜேர்மனி எல்லாம் இருந்தன. ஆனால் வீரர்களின் பெயர்கள் கற்பனை. பீபா என்ற பெயரைப் போட ஓர் அனுமதி, வீரர்களின் பெயரைப் போட வேறோர் அனுமதி. வீரர்களின் உலகச் சங்கமான பிஃப்புரோவின் அனுமதியோடு 1995 இல் வந்த 'பீபா 96' இல்தான் உண்மைப் பெயர்கள் வந்தன.

எங்கள் வீட்டில் இருந்தது மற்றது. ஜப்பானின் கொனாமி செய்த விளையாட்டு. இங்கே அதற்கு 'வின்னிங் இலெவன்' என்று பெயர், ஐரோப்பாவில் 'புரோ எவொலூஷன் சொக்கர்'. லண்டனில் இருந்த மச்சானும் நானும் எது திறம் என்று தொலைபேசியில் சண்டை பிடித்தோம். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது! அதில் பந்து உண்மையாகவே உருள்வது போல இருக்கும். ஆனால் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்குப் பெயர் 'மேன் ரெட்', லிவர்பூலுக்கு 'மேர்சிசைட் ரெட்'. அனுமதி இல்லை, அதனால் பெயரும் இல்லை.

அந்தக் குறைக்கு ஒரு மருந்தும் அதற்குள்ளேயே இருந்தது. அணிகளின் பெயரையும் வீரர்களின் பெயரையும் நாங்களே மாற்றலாம். ஒரு பனிக்கால இரவு நான் பெயர்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் இருந்தார். "குருநகர் பாடும்மீன் எண்டு ஒரு ரீம் போடு" என்றார். தான் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் கண்ட உதைபந்தாட்டக்காரரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கொன்றோலரால் எழுத்து எழுத்தாகப் பதிந்தேன். அவர்களில் இரண்டு பேர் யுத்தத்தில் செத்துப்போனவர்கள் என்று அம்மா பிறகு சொன்னார். அன்றிரவு பாடும்மீன் பிரேசிலிடம் தோற்றது. அப்பாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

இனி 2015. பெண்களுக்கான உலகக் கிண்ணம் கனடாவில் நடந்தது. அதில் சிறந்த இளம் வீராங்கனை விருதைப் பெற்றவர் கடேஷா புக்கானன். ரொறன்ரோவில் பிறந்து, பக்கத்துப் பிறம்ப்ரனில் வளர்ந்தவர். என் மருமகளைப் போலப் பின்வரிசையில் ஆடுபவர். அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த 'பீபா 16' இல், அந்தத் தொடரின் வரலாற்றில் முதல் தடவையாகப் பெண்கள் அணிகள் சேர்க்கப்பட்டன. மொத்தம் 12 நாடுகள், கனடாவும் ஒன்று. கனடாவில் விற்ற அட்டையில் மெஸ்ஸியோடு கிறிஸ்டீன் சின்கிளேயர் நின்றார்.

ஆனால் அதே மாதம் 13 வீராங்கனைகள் அந்த விளையாட்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதில் புக்கானனும் ஒருவர். அவர் அப்போது அமெரிக்காவில் வெஸ்ற் வேர்ஜீனியா பல்கலைக்கழக மாணவி. அங்கே பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, மாணவர்களின் பெயர் வியாபாரத்துக்குப் பயன்படக்கூடாது. விளையாட்டில் பெயர் இருந்தால் அவர்கள் பல்கலைக்கழக அணியில் ஆடும் தகுதி பாதிக்கப்படலாம் என்று அந்த அமைப்பு தெரிவித்ததாக எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் சொன்னது. யோசித்துப் பாருங்கள். சொந்த நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்தில் விருது பெற்ற பெண், சொந்த நாட்டில் செய்த விளையாட்டில் இல்லை.

மாணவர்கள் தங்கள் பெயரால் பணம் பெறக்கூடாது என்ற விதி 2021 இல் தளர்ந்தது. அதே ஆண்டு ரோக்கியோ ஒலிம்பிக்கில் கனடா தங்கம் வென்றது, புக்கானன் அந்த அணியில் ஆடினார். 2022 இல் வந்த 'பீபா 23' இல் முதன்முதலாகப் பெண்கள் கழகத் தொடர்கள் சேர்ந்தன. அவர் அந்த ஆண்டு போய்ச் சேர்ந்த செல்சியும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு பீபா என்ற பெயரே அட்டையிலிருந்து போய், 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' ஆனது. ஒப்பந்தம் முடிந்தால் பீபாவுக்கும் அதே கதிதான்.

சரி, எதை வாங்குவது? காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால், கொனாமியின் விளையாட்டு இப்போது 'ஈஃபுட்போல்' என்ற பெயரில் இலவசம். பெண்கள் கழகங்களோடு ஆட விரும்பினால் ஈஏ. 2023 இல் வந்த பதிப்பிலேயே ஐந்து பெண்கள் தொடர்கள் இருந்தன. எதை எடுத்தாலும், உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பாருங்கள். ஒருவர் இல்லை என்பதற்காக அவருக்கு ஆடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரம் ஒரு கடதாசியில் ஒரு கையெழுத்துத்தான் குறைவு.

மருமகள் ஈஏயைத்தான் எடுத்தாள். முதல் வேலையாகப் புதிய வீராங்கனை ஒருத்தியை உருவாக்கி, பின்வரிசையில் நிறுத்தி, தன் பெயரை முழுதாக எழுதினாள். அப்பா பக்கத்திலிருந்து எழுத்துப்பிழை பார்த்தார்.