வீங்கிப்போன கண்டென்சரும் 1925-ம் ஆண்டும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு ஹோம் தியேட்டரின் சப்வூஃபர் போன மாதம் முனக ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது 84 வயதான என் அம்மா. "பாட்டே போடல, பெட்டி நடுங்குதுடி" என்றார். வயதானால் காதில் முதலில் மங்குவது கீச்சொலிகள்தான். அடிக்குரல் ஓரளவு தங்கும். வயலின் அம்மாவுக்குச் சரியாகக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் மட்டும் மிச்சம். பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் கச்சேரி கேட்பார்.

கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள். மனசு கேட்கவில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"டீச்சர், முதல்ல பின்னாடி வர்ற ஆடியோ வயரைப் பிடுங்குங்க." பிடுங்கினேன். முனகல் நிற்கவில்லை. வால்யூமை முழுக்கக் குறைத்தான். அப்போதும் அதே முனகல். "அப்ப வெளியில இருந்து வரல. பவர் சப்ளைதான்."

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. உள்ளே இருக்கும் டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பும்போது நொடிக்கு 100 துடிப்பாகிறது. அந்த மேடுபள்ளத்தை நிரப்புவது கண்டென்சர். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மாடித் தொட்டி இருந்தால் குழாயில் தண்ணீர் சீராக வருமல்லவா, அதே வேலை. தொட்டி வற்றினால் 100 துடிப்பும் ஸ்பீக்கருக்குப் போகும். அடிக்குரலுக்கென்றே செய்த பெட்டி, 100-ஐ நன்றாகவே பாடும்!

பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்தான். 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்று எழுதிய இரண்டு குப்பிகள். ஒன்றின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டான். மின்சாரத்தைப் பிடுங்கினாலும் அதற்குள் மிச்சம் இருக்குமாம். ஒரு ரெசிஸ்டரை வைத்து இறக்கிவிட்டுத்தான் தொட்டான்.

எனக்கு உடனே லெய்டன் ஜாடி ஞாபகம் வந்தது. 1740-களில் ஹாலந்தின் லெய்டன் நகரில் முஷென்புரூக், தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் மின்சாரத்தைச் சேமித்து, அதில் அடி வாங்கினார். பிரான்ஸ் நாட்டையே கொடுத்தாலும் இன்னொரு முறை தொடமாட்டேன் என்று கடிதம் எழுதினாராம். என்னைத் தடுக்க ஒரு மாணவன் இருந்தான், அவருக்கு இல்லை. அந்த ஜாடிதான் எல்லாக் கண்டென்சருக்கும் பாட்டன். பாடப் புத்தகத்தில் மின்தேக்கி என்று நடத்தினோம். கடைவீதியில் கண்டென்சர் என்றால்தான் கிடைக்கும்.

இப்போதைய குப்பிக்குள் அலுமினியத் தாளும் மின்பகுளிக் குழம்பு நனைத்த காகிதமும் சுருண்டிருக்கும். அமெரிக்காவின் சாமுவேல் ரூபன் இந்த வகைக்கு 1925-ல் வழி செய்தார். சூட்டில் குழம்பு காய்வதும் வாயு கட்டித் தலை வீங்குவதும் இதன் பிறவி நோய். 2000-ம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் தரமில்லாத குழம்பால் உலகம் முழுக்க எத்தனையோ கம்ப்யூட்டர் போர்டுகள் இப்படிச் செத்தன.

இரண்டையுமே மாற்றினான். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது, வோல்ட் குறையக்கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தான். மூடுவதற்கு முன் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டான். 'டப்' என்று கூம்பு முன்னால் துள்ளியது. "காயில் நல்லா இருக்கு டீச்சர்."

காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸும் கெல்லாக்கும் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டதும் அதே 1925-ல்தான். வீங்கிய குப்பிக்கும் துள்ளிய கூம்புக்கும் ஒரே வயது! 1954-ல் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாத சின்னப் பெட்டியிலும் ஆழமான ஓசை வரும் என்று காட்டினார். 1974-ல் 'எர்த்குவேக்' படத்துக்காகத் தியேட்டர்களில் ராட்சத அடிக்குரல் பெட்டிகள் வைத்து இருக்கைகளை நடுங்க வைத்தார்கள். பிறகுதான் 5.1 எல்லாம். அந்தப் புள்ளி ஒன்று, நம் முனகல் பெட்டி.

சாமான் காசு தவிர எதுவும் வாங்க மறுத்தான். சாப்பிட வைத்து அனுப்பினேன்.

பிளக்கைப் போட்டதும் அம்மா வந்து பெட்டிமேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"இப்ப சும்மா இருக்கு. பாட்டைப் போடு."