திண்டுக்கல்லின் வான்விளிம்பு: தொலைப்பார்வையும் ஒளிப்படமும்

ஓர் ஊரைப் பல கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கையில் அதன் கட்டடங்களும் மரங்களும் குன்றுகளும் வானத்தோடு சேரும் கோடுதான் அவ்வூரின் வான்விளிம்பு. நியூயார்க், ஹாங்காங், மும்பை என்றதும் அடுக்குமாடிகளின் வரிசை மனத்தில் எழுவதால், உயரமான கட்டடங்கள் உள்ள ஊர்களுக்கே வான்விளிம்பு உண்டு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. திண்டுக்கல் அந்த எண்ணத்தை மறுக்கும் ஊர். 1866-இல் நகராட்சியாகி, 2014-இல் மாநகராட்சியான இந்த ஊருக்குத் தொலைவிலிருந்து அடையாளம் தருவது ஒரு மொட்டைப் பாறையும் அதன் மேல் ஓடும் மதில்களும்தான். அந்தப் பாறை எல்லாத் திசையிலிருந்தும் வானத்தைக் கிழித்து நிற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சில திசைகளில் அது பின்னுள்ள மலைக்குள் மறைந்துபோகிறது. சில திசைகளில் தனியே எழுந்து நிற்கிறது. ஆகவே ஓர் ஊரின் வான்விளிம்பைத் தீர்மானிப்பது உயரம் மட்டுமல்ல. பார்ப்பவர் நிற்கும் இடம், பார்க்கப்படும் பொருளுக்குப் பின்னால் இருப்பது, இடையிலுள்ள காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. தொலைவிலிருந்து ஒளிப்படம் எடுப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியதும், ஊரைத் திட்டமிடுபவர் காக்க வேண்டியதும் இந்த மூன்றையும்தான்.

நில அமைப்பிலிருந்து தொடங்கலாம். திண்டுக்கல் சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே கீழ்ப்பழனி மலைகள், அவற்றுக்கும் அப்பால் கொடைக்கானல். தென்கிழக்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் சிறுமலை. வடக்கே வேடசந்தூர் வரை பெரும்பாலும் திறந்த நிலம். பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட இந்த வெளி வழியாகத்தான் மதுரைக்கும் கொங்கு நாட்டுக்கும் போக்குவரத்து நடந்தது. 1605-இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் இங்கே கோட்டை எழுப்பினார். திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். 1755-இல் மைசூர்ப் படையோடு வந்த ஹைதர் அலி இதைத் தன் தளமாக்கிக்கொண்டார். 1790-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை 1792 உடன்படிக்கையின்படி அவர்கள் வசமே நிலைத்தது. இத்தனை பேர் இந்தப் பாறைக்குப் போட்டியிட்டதற்குக் காரணம் அதன் பார்வை எல்லை. மேலே நிற்பவனுக்குக் கணவாய் வழியாக வரும் படை வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இதில் ஒளிப்படக்காரருக்கு நேரடியாகப் பயன்படும் உண்மை ஒன்று உண்டு. பார்வைக்கோடு இருவழிப்பட்டது. பாறையின் உச்சியிலிருந்து எந்தக் குளக்கரை தெரிகிறதோ அந்தக் குளக்கரையிலிருந்து உச்சியும் தெரியும். எனவே தொலைவிலிருந்து மலைக்கோட்டையைப் படமெடுக்க விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது ஊரைச் சுற்றி அலைவதல்ல. ஒரு காலை நேரம் படியேறி, உச்சியில் மூலவர் இல்லாத அபிராமியம்மன் கோயிலை ஒட்டி நின்று, எந்தெந்தச் சாலை வளைவும் கண்மாய்க் கரையும் தடையில்லாமல் தெரிகின்றன என்று குறித்துக்கொள்வதே சரியான தொடக்கம். 1792-இல் தென்தமிழகத்தில் பயணம் செய்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டுப்பெட்டியைத் துணையாகக் கொண்டு இத்தகைய இடங்களை வரைந்தார்கள். அவர்களுக்கும் நிற்கும் இடத்தைத் தேர்வதே முதல் வேலையாக இருந்தது.

திசைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். கரூர்ச் சாலையில் வேடசந்தூர்ப் பக்கம், வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி நின்று தெற்கு நோக்கிப் பார்ப்பவருக்குத் திண்டுக்கல்லின் பின்னால் சிறுமலை எழுகிறது. தரையிலிருந்து 100 மீட்டர் எழும் ஒரு பாறை அந்தத் தூரத்தில் கண்ணுக்கு ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பின்னால், இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், சிறுமலை அதைப்போல நான்கைந்து மடங்கு உயரமாகத் தெரியும். இங்கே வானத்தைத் தொடுவது மலைதான். பாறை மலையின் மேல் விழுந்த ஒரு திட்டாகிவிடுகிறது. சிறுமலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளிலிருந்து கீழே பார்த்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. பார்ப்பவர் பாறையைவிட மேலே நிற்பதால் பாறை தொடுவானத்துக்குக் கீழே இறங்கி, வீடுகளுக்கு நடுவே கிடக்கும் சாம்பல் நிறக் கூம்பாகத் தெரிகிறது. ஊரின் பரப்பையும் சாலைகளின் பின்னலையும் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் வான்விளிம்பு இங்கே கிடையாது. நத்தம் சாலைப் பக்கமிருந்து மேற்கே நோக்கினால் பாறைக்குப் பின்னால் கீழ்ப்பழனி மலைகள் வந்து நிற்கின்றன. தெற்கே சின்னாளபட்டி, காந்திகிராமம் பக்கமிருந்து பார்க்கும்போதுதான் சிறுமலை வலப்பக்கம் ஒதுங்க, பாறைக்குப் பின்னால் வடக்கின் திறந்த வானம் கிடைக்கிறது. பாறை அதேதான், உயரமும் அதேதான். ஊரின் முகம் மட்டும் திசைக்குத் திசை வேறாகிறது.

பூமி உருண்டையாக இருப்பதால் தூரத்துப் பொருள் மறையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தடை. திண்டுக்கல்லைப் பொறுத்தவரை அது பெரிய தடையல்ல. தரைக்கு மேல் 100 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 36 கிலோமீட்டரிலும், 1000 மீட்டரில் நிற்பவருக்கு ஏறத்தாழ 113 கிலோமீட்டரிலும் அமையும். கொடைக்கானலுக்கும் திண்டுக்கல்லுக்கும் நேர்கோட்டில் 55 கிலோமீட்டர்தான். இடைமலைகள் குறுக்கிடாத இடத்தில் நின்றால் பூமியின் வளைவு குறுக்கே வராது. 2016-இல் பிரனீஸ் மலையிலிருந்து ஆல்ப்ஸ் சிகரமொன்றை 443 கிலோமீட்டர் தள்ளி நின்று படம்பிடித்திருக்கிறார்கள். எனவே கணக்கு தடுக்கும் இடம் தூரமல்ல, அளவு. சின்னாளபட்டியின் தூரமான 11 கிலோமீட்டரில் 100 மீட்டர் உயரம் முழுநிலவின் விட்டம் அளவுக்கே தெரியும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அது உணரியின் மேல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக விழுகிறது. 400 மில்லிமீட்டர் டெலி லென்ஸ் போட்டால் மூன்றரை மில்லிமீட்டர், அதாவது முழுச்சட்டக் கேமராவின் சட்ட உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. கைபேசியின் அகலக் கோணத்தில் பாறை ஒரு புள்ளியாகிவிடுவது கைபேசியின் குற்றமல்ல. கோணத்தின் கணக்கு அது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்கிப் பாறையையும் பின்னுள்ள மலையையும் ஒட்டவைத்துவிடுகிறது. கண் காணாததைக் காட்டும் படம் பொய்ப்படம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இது லென்ஸைப் பற்றிய தவறான புரிதல். பாறையும் மலையும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தெரியும் என்பதை முடிவுசெய்வது கேமரா நிற்கும் இடம் மட்டுமே. அதே இடத்திலிருந்து 50 மில்லிமீட்டரில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால், கூர்மை குறைந்திருக்குமே தவிர, பாறைக்கும் மலைக்குமான விகிதம் டெலி லென்ஸ் காட்டியதுபோலவே இருக்கும். வேடசந்தூர்ப் பக்கமிருந்து சிறுமலை பாறையை அழுத்தி நிற்பது அந்த இடத்தின் உண்மை. அது பிடிக்காதவர் லென்ஸை மாற்றிப் பயனில்லை, நின்ற இடத்தை மாற்ற வேண்டும். ஏமாற்று வேலை உண்டென்றால், படம் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லாமல் விடுவதுதான் அது.

மூன்றாவது காரணியான காற்றுதான் மிகக் கடினமானது, மிகச் சுவையானதும்கூட. தூரத்துக் கரும்பொருளுக்கும் வானத்துக்கும் உள்ள வேறுபாடு தூரம் கூடக்கூட எப்படித் தேய்கிறது என்பதற்கு ஜெர்மானிய அறிஞர் கோஷ்மீடர் 1924-இல் ஒரு விதி தந்தார். வேறுபாடு நூற்றுக்கு இரண்டாகக் குறையும் தூரமே பார்வைத் தூரம். அது 20 கிலோமீட்டராக உள்ள நாளில், 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள பாறையின் வேறுபாடு ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 60 கிலோமீட்டராக உள்ள நாளில் பாதிக்கு மேல் மிஞ்சும். 2020 ஏப்ரலில், ஊரடங்கால் வண்டிகளும் ஆலைகளும் ஓய்ந்திருந்தபோது, பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து தௌலாதார் பனிமலைகள் கண்ணுக்குத் தெரிந்தன. மலைகள் எப்போதும் அங்கேதான் இருந்தன, மறைத்தது காற்று. திண்டுக்கல் சமவெளியில் கோடையில் வறண்ட நிலத்துப் புழுதியும், ஆடிக் காற்று அள்ளிவரும் மண்ணும் இந்த வேலையைச் செய்கின்றன. வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் கானல் டெலி லென்ஸின் முன் மதிற்கோட்டை நெளியவைத்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைச் சரிசெய்யாது. ஐப்பசி, கார்த்திகை மழை புழுதியைக் கழுவி இறக்கிய பிறகுதான் நல்ல நாட்கள் வாய்க்கின்றன. மார்கழியில் விடியற்காலைப் பனிமூட்டம் விலகும் வரை காத்திருக்க வேண்டும். பனி விலகிக் கானல் எழுவதற்கு இடைப்பட்ட ஒன்றிரண்டு மணி நேரமே கிடைக்கும்.

ஒளியின் திசையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லின் அகலாங்கில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே மார்கழி, தை மாதங்களில் தெற்கே நிற்பவருக்கு ஒளி முதுகுப்பக்கமிருந்து வந்து பாறையின் முகத்தில் விழுகிறது. வடக்கே நிற்பவருக்குப் பாறை நிழல் முகத்தைக் காட்டுகிறது. திறந்த பின்னணி, கழுவப்பட்ட காற்று, முகத்தில் விழும் ஒளி மூன்றும் ஒருசேரக் கிடைப்பது தெற்கிலிருந்து, மழைக்குப் பிந்தைய மாதங்களில்தான். சிறுமலையிலிருந்து எடுப்பதற்குக் காலை வேளை பொருந்தும். சூரியன் அப்போது பார்ப்பவரின் பின்னால் கிழக்கில் இருக்கும்.

தெளிவில்லாத நாளில் எடுத்த படத்தைக் கணினியில் தெளியவைக்கலாமே, அகச்சிவப்பு வடிகட்டி போடலாமே என்றால், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தூய காற்றில் 450 நானோமீட்டர் நீல ஒளி, 850 நானோமீட்டர் அகச்சிவப்பைவிடப் பன்னிரண்டு மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. அகச்சிவப்பில் எடுத்தால் மலை கருத்துத் தெளிவது அதனால்தான். இது வேறு ஒளியால் பார்ப்பது, இயற்பியலுக்கு உட்பட்டது. பெரிய புழுதித் துகளும் நீர்த்துளியும் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் அந்த நாட்களில் இதன் பலனும் குறைவு. கணினியில் தெளியவைப்பதோ மிஞ்சியிருக்கும் சிறு வேறுபாட்டை இழுத்துப் பெரிதாக்குவது. அழகுக்கு அது போதும். அன்றைய காற்றைப் பற்றிய சாட்சியாக அந்தப் படத்தை வைக்க முடியாது. மேலும், மங்கல் எப்போதும் பகையல்ல. பின்னால் மலை உள்ள திசைகளில் பாறையை மலையிலிருந்து பிரித்துக் காட்டுவது இடையிலுள்ள மெல்லிய மங்கல்தான்: அருகிலுள்ளது கருத்தும், தூரத்திலுள்ளது வெளுத்தும் தெரிவதால் இரண்டும் ஒட்டாமல் நிற்கின்றன. முழுத் தெளிவான நாளில் வேடசந்தூர்ப் பக்கமிருந்து பாறையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாகவும் ஆகலாம்.

பார்வைக்கோடுகளுக்குச் சட்டத்தில் என்ன காப்பு இருக்கிறது? திண்டுக்கல் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பத் தடை இருக்கிறது. இரண்டும் நல்ல விதிகள். இரண்டுமே வட்டம் போட்டுக் காப்பவை. தொலைப்பார்வைக்கு வட்டம் உதவாது. சின்னாளபட்டிக்கும் கோட்டைக்கும் நடுவே, தடைப்பகுதிக்கு வெகு தூரம் வெளியே, பார்ப்பவருக்கு அருகில் எழும் ஒரு விளம்பரப் பலகை முழுப் பாறையையும் மறைத்துவிடும். லண்டனில் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தைக் காக்க 1938 முதலே உயர விதி இருக்கிறது. 16 கிலோமீட்டர் தள்ளியுள்ள ரிச்மண்ட் பூங்கா மேட்டிலிருந்து வரும் பார்வைக்கோடும் காக்கப்படுகிறது. ஆனாலும் 2016-இல் குவிமாடத்துக்கும் அப்பால் ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த 42 மாடிக் கட்டடம் அந்தக் காட்சியின் பின்புலத்தில் வந்து நின்றது. முன்னால் இருப்பதைக் காத்தவர்கள் பின்னால் வருவதைக் கணக்கில் கொள்ளவில்லை.

வளரும் ஊரில் பார்வைக்காகக் கட்டடங்களைத் தடுப்பது ஏழைகளின் வீட்டையும் தொழிலையும் தடுப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. இடநெருக்கடி உள்ள ஊரில் மாடி எழும்பத்தான் வேண்டும். ஆனால் பார்வைக்கோடு குறுகிய பட்டை. ஊரைச் சுற்றிய வட்டமல்ல. தெற்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று என இரண்டு மூன்று கோடுகளைத் தேர்ந்து, அவற்றின் வழியில் மட்டும் விளம்பரப் பலகைகளுக்கும் செல்போன் டவர்களுக்கும் மிக உயரமான கட்டடங்களுக்கும் வரம்பு வைத்தால் போதும். சாதாரண வீடுகளை அது தொடவே தொடாது. பத்துக் கிலோமீட்டர் நீளக் கோட்டில், பார்ப்பவருக்கு மிக அருகில் இல்லாத இரண்டு மாடி வீடு பாறையின் காலடியை மட்டுமே மறைக்கும். எந்தக் கோடுகள் என்று தீர்மானிக்கச் சான்று வேண்டும். அந்தச் சான்றை ஒளிப்படக்காரர்களே தர முடியும்: கண்மாய் மதகு, ரயில் பாலம்போல இடம் மாறாத ஒன்றின் அருகே ட்ரைபாட்டை நிறுத்தி, ஒரே லென்ஸில், ஆண்டுதோறும் அதே மாதத்தில், கணினித் திருத்தம் இல்லாத மூலக்கோப்போடு எடுத்த படங்கள். ஒவ்வொன்றின் கீழும் இடம், தூரம், திசை, நேரம், அன்று தெரிந்த கடைசி மலை எது என்ற குறிப்பு இருந்தால், கட்டடம் எழுந்ததால் பாறை மறைந்ததா, காற்று கெட்டதால் மறைந்ததா என்று பிரித்தறியலாம்.